பாடகர் குழுவுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தல்

(பள்ளி ஆசிரியர், பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலித் திருப்பலியில் பாட நம் பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம். பலத்த குரலை மட்டும் தேடினால் போதாது; பக்கத்தில் பாடுபவரைக் கேட்கும் செவியும் வேண்டும்.

முதலில் ஆர்மோனியத்தில் மூன்று சுரங்களை வாசித்து, அப்படியே திருப்பிப் பாடச் சொல்வோம். பிறகு இருவரைச் சேர்ந்து பாடவைப்போம். மற்றவரை அமுக்கிப் பாடுபவர் யார், இணைந்து பாடுபவர் யார் என்பது அப்போது விளங்கிவிடும்.

சுருதியிலும் கவனம் தேவை. ஆண்கள் பலருக்கு 1 கட்டை வசதி. சிறுவருக்கோ 5 கட்டையை ஒட்டிய சுருதிதான் எளிது. நமக்கு வசதியான சுருதியில் பாடவைத்துவிட்டு, பிள்ளைக்குச் சுருதி சேரவில்லை என்று தீர்ப்பிடுவது நியாயமாகாது. 13, 14 வயதில் பையன்களுக்குக் குரல் உடைந்து, ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். அவர்களைத் தள்ளிவிடாமல், குரல் நிலைபெறும்வரை பாட்டுப் புத்தகங்களைக் கவனிக்கச் சொல்லிக் குழுவிலேயே வைத்திருப்போம்.

திருவழிபாட்டு இசை பற்றி 1967-இல் உரோமை வெளியிட்ட ஏடு, பாடுவதில் தேர்ந்தவர்களுக்கு முதலிடம் தருவதை, சிறப்பாகப் பெருவிழாக்களில், விரும்புகிறது. அதே ஏடு, இறைமக்கள் எல்லாரும் சேர்ந்து பாடுவதையும் வலியுறுத்துகிறது.

ஆகவே இடம் கிடைக்காத பிள்ளையிடம், "உனக்குப் பாட வராது" என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்த ஒரு சொல்லால் வாழ்நாள் முழுதும் ஆலயத்தில் வாய் திறவாதவர்கள் உண்டு. குழுவில் சிலருக்கே இடம். பல்லவியைப் பாட அனைவருக்கும் இடமுண்டு.