கோலமாவும் கரித்துண்டும்

(உபசபையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஓவியக் கல்லூரி மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



"நீ என்னதான் படிக்கிறாய் என்று எங்களுக்கும் புரியும்படி பத்து நிமிஷம் பேசு" என்று காரியதரிசி மாமா கேட்டுக்கொண்டார். ஓவியம் படிக்கிறேன் என்று சொன்னால் நம்மவர்கள் வழக்கமாக மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். ஒன்று, "ரவி வர்மா மாதிரி வரைவாயா?" இரண்டு, "இப்போதெல்லாம் துணியையும் காகிதத்தையும் ஒட்டிவிட்டு அதைப் படம் என்கிறார்களே, அது என்ன?" மூன்று, "வேலை கிடைக்குமா?" மூன்றும் நியாயமான கேள்விகள்தான். எனக்குத் தெரிந்தவரை ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல முயல்கிறேன்.

திருவனந்தபுரத்தில் ஓவியம் என்றாலே ரவி வர்மாதான் அளவுகோல். 1935-ல் ஆரம்பித்த ஸ்ரீ சித்ரா ஆர்ட் காலரிக்குப் போகாத குடும்பம் நம்மில் இருக்காது. ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 1848-ல் கிளிமானூரில் பிறந்த ரவி வர்மா தம் காலத்தில் பரிசோதனை செய்தவர்தான். கான்வாஸில் எண்ணெய் வர்ணம் என்பது அன்று இங்கே புதுச் சரக்கு. அதை வைத்து நம் புராண பாத்திரங்களை எழுதியதோடு நிற்கவில்லை. 1894-ல் பம்பாயில் அச்சுக்கூடம் ஆரம்பித்து, லக்ஷ்மியையும் சரஸ்வதியையும் காகிதத்தில் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். அந்த அச்சுப் படங்களை வாங்கிய வீடுகளில், பெண்கள் அதன் மேல் ஜிகினா தூவினார்கள், ஜரிகை ஒட்டினார்கள், பட்டுத் துணியை வெட்டி அம்பாளுக்குப் புடவை கட்டிவிட்டார்கள், சின்ன மணிகளை நகையாக வைத்துத் தைத்தார்கள். இங்கே சிலருடைய பூஜை அறையில் இன்னமும் அப்படி ஒரு படம் இருக்கலாம். காகிதம், அச்சு மை, துணி, ஜரிகை, மணி எல்லாம் ஒரே படத்தில். இதற்குத்தான் கல்லூரியில் "மிக்ஸ்ட் மீடியா" என்று பெயர். தமிழில் கலப்பு ஊடகம் என்கிறார்கள்.

ஆகவே இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிட்டது. தஞ்சாவூர்ப் படம் மட்டும் என்ன? பலாப் பலகை, அதன் மேல் துணி, அதன் மேல் சாக்குப்பொடியும் கோந்தும் கலந்த பூச்சு, அப்புறம் தங்க ரேக்கு, கண்ணாடிக் கல், கடைசியில் வர்ணம். நம் கேரளத்துக் களமெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கு அரிசிமாவு, கறுப்புக்கு உமிக்கரி, மஞ்சளுக்கு மஞ்சள்பொடி, சிவப்புக்கு மஞ்சளும் சுண்ணாம்பும், பச்சைக்கு இலைப்பொடி. மணிக்கணக்காகப் போட்டு, பூஜை முடிந்ததும் அழித்தும் விடுகிறார்கள். நவராத்திரிக் கொலுவில் படிக்குப் பக்கத்தில் மண் கொட்டி, கேழ்வரகு முளைக்க வைத்து, கண்ணாடித் துண்டைக் குளமாக்குகிறோமே, அதைப் பெரிய கலைக்கூடத்தில் வைத்தால் அதற்கு ஒரு நீண்ட இங்கிலீஷ் பெயர் கொடுத்துவிடுவார்கள்!

ஐரோப்பாவில் 1912-ல் பிக்காஸோ ஒரு நாற்காலியின் பிரம்புப் பின்னல் அச்சடித்த மெழுகுத் துணியை ஓவியத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதில் சுற்றிலும் கயிறு கட்டினார். அது பெரிய புரட்சி என்று நாங்கள் பரீட்சைக்குப் படிக்கிறோம். அங்கே அது புரட்சிதான், ஏனென்றால் ஓவியம் என்றால் வர்ணம் மட்டுமே என்று பல நூற்றாண்டு பழகிவிட்டார்கள். நமக்கு அந்தப் பழக்கம் வந்ததே சமீபத்தில்தான்.

அடுத்தது, பரிசோதனைக் கோட்டோவியம். பெயர் பெரிதாக இருந்தாலும் பயிற்சிகள் எளியவை. காகிதத்தைப் பார்க்காமல், பொருளை மட்டும் பார்த்து வரைவது. இடது கையால் வரைவது. நீளமான மூங்கில் கழியின் நுனியில் கரித்துண்டைக் கட்டி, தள்ளி நின்று வரைவது. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் வயதான காலத்தில் அப்படி வரைந்திருக்கிறார். தாள் முழுக்கக் கரி பூசி, ரப்பரால் அழித்து அழித்து வெளிச்சத்தை எடுப்பது. குழந்தைகள் நாணயத்தின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்க்கிறார்களே, அதையே மரம், கல், சுவர் என்று எதன் மேலும் செய்வது.

இதெல்லாம் எதற்கு? கைக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டால் அது கண்ணைக் கேட்காது. கண் என்றால் பாதாம்பருப்பு வடிவம், மூக்கு என்றால் ஒரு வளைவு என்று தானாகவே போட்டுவிடும். அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் தடுத்தால்தான் எதிரே இருப்பதை உண்மையில் பார்க்க ஆரம்பிக்கிறோம். கோடு அழகாக வராமல் போகலாம். ஆனால் பார்த்துப் போட்ட கோடாக இருக்கும்.

அம்மிக்கல்லின் மேல் காகிதம் வைத்துக் கரியால் தேய்த்துப் பார்த்தேன். வலியசாலையிலும் கரமனையிலும் பழைய அக்ரஹார வீடுகள் இடிபட்டு அடுக்குமாடியாகும்போது, அம்மியும் ஆட்டுக்கல்லும் கொல்லையில் ஓரமாகக் கிடக்கின்றன. அம்மி கொத்துகிறவர் உளியால் போட்ட புள்ளிகள் தேய்த்த காகிதத்தில் வெள்ளையாக எழும்பி வந்தன, புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைத்தது போல. நடுவில் மட்டும் புள்ளியே இல்லை. குழவி ஓடி ஓடி வழுவழுப்பான இடம் அது. ஒரு வீட்டில் மூன்று தலைமுறை அரைத்த கைகளின் கணக்கு அந்த வெற்றிடத்தில் இருக்கிறது. இதை எப்பேர்ப்பட்ட ஓவியராலும் கற்பனையாக வரைய முடியாது.

இந்த வழியில் நமக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. அவர் நம் சமூகத்தவர் என்பது இங்கே பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். கே.ஜி. சுப்ரமணியன் 1924-ல் வட கேரளத்தில் கூத்துபரம்பில் ஒரு தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். மாஹியில் வளர்ந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கும்போது சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டு ஜெயிலுக்குப் போனார். அதனால் அரசாங்கக் கல்லூரிகளின் கதவு அவருக்கு அடைபட்டது. 1944-ல் சாந்திநிகேதன் போய் நந்தலால் போஸ், வினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் ஆகியோரிடம் கற்றார். பின்னர் பரோடாவில் பல ஆண்டுகள் ஆசிரியர்.

அவர் தொடாத பொருள் இல்லை. கைத்தறி வாரியத்தில் நெசவு டிசைன் பார்த்தார். மரத்திலும் மணியிலும் பொம்மைகள் செய்தார். லக்னோவில் ரவீந்திராலயத்துக்காக 1963-ல் சுடுமண் துண்டுகளால் ஏறத்தாழ 80 அடி நீளச் சுவரோவியம் அமைத்தார். தஞ்சாவூர்க் கண்ணாடிப் படம் போல, கண்ணாடியின் பின்புறமிருந்து வரைந்தார். அந்த முறையில் எல்லாம் தலைகீழ். சாதாரணப் படத்தில் கடைசியில் வைக்கும் கண்மணியையும் நகையையும் முதலில் வைக்க வேண்டும், பின்னணி கடைசியில்தான். வைத்ததை மாற்ற முடியாது. கலாபவனத்துக் கட்டிடம் ஒன்றில் கறுப்பு வெள்ளையில் வரைந்த சுவரோவியத்தை, 85 வயதை எட்டியபோது சாரத்தின் மேல் ஏறி மறுபடி தீட்டினார். 2012-ல் பத்ம விபூஷண் பெற்றார். 2016-ல் காலமானார்.

அவருடைய குரு வினோத் பிஹாரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறு வயது முதலே பார்வைக் குறைவு உள்ளவர். 1950-களில் கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பார்வை முழுவதும் போய்விட்டது. அப்போது அவர் ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். அவர் நிறுத்தவில்லை. வர்ணக் காகிதத்தை விரலால் தடவி, வெட்டி, மடித்து, ஒட்டிப் படங்கள் செய்தார். 1972-ல் ஓடுகளால் ஒரு சுவரோவியமும் செய்தார். அவருடைய மாணவரான சத்யஜித் ராய் அதே ஆண்டு அவரைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தார். கோடு என்பது கண்ணில் மட்டும் இருப்பதில்லை, கையிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்த உண்மை என் பாட்டிக்கும் தெரியும். பாட்டிக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. ஆனால் அரைத்த அரிசிமாவில் துணியை நனைத்துக் கையில் பிடித்துவிட்டால், மோதிர விரல் வழியாக மாவு இறங்கி இழைக்கோலம் தானாக வருகிறது. மாவு தண்ணியாக இருந்தால் கோடு பரவும், கெட்டியாக இருந்தால் அறுந்து போகும். எவ்வளவு பிழிய வேண்டும் என்பதை விரல்தான் அறியும். அதை நான் இரண்டு வருஷமாகப் பழகுகிறேன். இன்னும் பாட்டியின் கோட்டுக்குப் பக்கத்தில் என் கோடு கோணலாகத்தான் நிற்கிறது.

நம் ஊர் மியூசியம் வளாகத்தில் கே.சி.எஸ். பணிக்கருக்கென்றே ஒரு காலரி இருக்கிறது. அவசியம் போய்ப் பாருங்கள். 1960-களில் அவர் ஆரம்பித்த "சொற்களும் குறியீடுகளும்" வரிசைப் படங்களில் ஜாதகக் கட்டம், கணக்கு, அட்டவணை எல்லாம் வரும். மலையாள எழுத்துப் போல வரிவரியாக இருக்கும், படிக்கப் போனால் வார்த்தை வராது. ஜாதகம் பார்க்கத் தெரிந்த மாமாக்கள் சிரிப்பார்கள். ஆனால் பலன் பார்க்காமல் கட்டத்தை மட்டும் பாருங்கள். எழுத்தாணியால் நெருக்கமாகக் கீறிய ஓலைக்கு எவ்வளவு அழகு இருந்தது என்பது அப்போது தெரியும்.

அதைப் பார்த்துத்தான் நானும் பழைய பஞ்சாங்கத் தாள்களை என் படங்களில் ஒட்ட ஆரம்பித்தேன். "பகவந் நாமம் இருக்கும் தாளை வெட்டலாமா?" என்று ஒரு மாமா கேட்டார். இதை லேசாக ஒதுக்க எனக்கு மனசில்லை. வருஷம் முடிந்த பஞ்சாங்கம் பெரும்பாலும் அலமாரித் தட்டில் விரிக்கப்படுகிறது அல்லது பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. சுவரில் சட்டம் போட்டு மாட்டுவது அதைவிடக் குறைவான மரியாதை இல்லை என்பது என் எண்ணம். ஆயினும் ஸ்லோகமோ ஸ்வாமி படமோ உள்ள பக்கத்தை நான் வெட்டுவதில்லை. திதி, நட்சத்திர அட்டவணைகளை மட்டும் எடுக்கிறேன். தரையில் விரிக்கும் படைப்புகளில் அதையும் சேர்ப்பதில்லை. கலைக்கு எல்லை கூடாது என்று என் வகுப்பில் சிலர் வாதிடுகிறார்கள். எல்லை எங்கே என்று நானே யோசித்துப் போட்டுக்கொண்டதால் அது எனக்குப் பாரமாகத் தெரியவில்லை.

கலப்பு ஊடகத்தில் இன்னொரு கஷ்டம் உண்டு. இந்த ஊர் ஈரக் காற்றில் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். அரிசிமாவுக்கு ராமபாணப் பூச்சி வரும். பழைய புஸ்தகம் பைண்டு பண்ணுகிறவர்கள் பசையில் துளி மயில்துத்தம் சேர்ப்பார்கள். விஷமானதால் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும், ஆனால் பூச்சி அண்டாது. செய்தித்தாளை ஒட்டினால் சீக்கிரம் பழுத்துவிடும். எது நிலைக்கும், எது நிலைக்காது என்று தெரிந்து செய்வதும் இந்தப் படிப்பில் ஒரு பெரிய பகுதி.

கடைசிக் கேள்வி, வேலை. பொய் சொல்ல மாட்டேன். படம் விற்று மட்டும் ஜீவிப்பவர்கள் மிகச் சிலர். பள்ளி ஓவிய ஆசிரியர், விளம்பரம், அனிமேஷன், ஜவுளி டிசைன், மியூசியத்தில் பழம்பொருள் பராமரிப்பு என்று வேலைகள் இருக்கின்றன. சம்பளம் கம்ப்யூட்டர் கம்பெனி அளவுக்கு வராது. பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-ல் சென்னைக்கு அருகே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை ஆரம்பித்தபோது, பாத்திக் துணி போன்ற கைவேலைகளை விற்ற பணத்தில்தான் நிலம் வாங்கினார்கள். கைவேலை சோறு போட்டது, ஓவியம் சுதந்திரமாக வளர்ந்தது. இன்றும் அதுவே நல்ல வழி என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் வீட்டுக் குழந்தை ஓவியம் படிக்க ஆசைப்பட்டால், உடனே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கூடவே ஒரு கைத்தொழிலும் கற்றுக்கொள் என்று சொல்லுங்கள்.

முடிவாக, சபையிடம் இரண்டு விண்ணப்பங்கள். பல வீடுகளில் பாட்டிமார் நோட்டுப் புஸ்தகத்தில் வரைந்து வைத்த கோலங்கள் இருக்கின்றன. வீடு மாறும்போது அவற்றைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். ஒரு நாள் சபைக்குக் கொண்டுவந்தால் நானும் என் தோழிகளும் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து, நோட்டை உடனே திருப்பித் தந்துவிடுகிறோம். இரண்டாவது, வரும் நவராத்திரியில் ஒரு சாயங்காலம் இந்த ஹாலில் மாமிகள் இழைக்கோலம் போட வேண்டும், பெண்குழந்தைகளோடு ஆண்குழந்தைகளும் பக்கத்தில் உட்கார்ந்து பழக வேண்டும். ஒட்டுக் கோலம் கடையில் கிடைக்கிறது, சௌகரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மாவு எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதை நோட்டிலிருந்தோ போட்டோவிலிருந்தோ கற்க முடியாது. அந்தக் கை இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கற்க வேண்டும்.