லூல்கந்துரவில் எஞ்சிய கல்லடுப்பு
(நூற்றாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கலஹா, தெல்தோட்டை தாண்டிப் போனால் லூல்கந்துர தோட்டம். ஸ்கொட்லாந்திலிருந்து 1852இல் 16 வயதில் வந்த ஜேம்ஸ் டெயிலர் வாழ்ந்த இடம். அவருடைய மரவீடு அழிந்துவிட்டது. கல்லால் கட்டிய கணப்படுப்பும் புகைபோக்கியும் மட்டும் எஞ்சியிருக்கின்றன. பக்கத்து மேட்டில் அவர் அமர்ந்து மலைகளைப் பார்த்த கல் ஆசனம் உண்டு. படம் எடுக்க எல்லோரும் அதில்தான் உட்காருகிறார்கள்; நாங்களும் உட்கார்ந்தோம்.

1867இல் 19 ஏக்கரில் அவர் தேயிலை பயிரிட்டார் என்று பள்ளியில் படித்தோம். அந்தத் தேயிலை எப்படித் தூளானது என்பதைப் பாடப்புத்தகம் சொல்லவில்லை. தொடக்கத்தில் தொழிற்சாலை கிடையாது. துரையின் பங்களா விறாந்தைதான் தொழிற்சாலை. மேசைமேல் கொழுந்தைப் போட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கையால் அழுத்தி உருட்டினார்கள். பிறகு மண் அடுப்பில் கரி நெருப்பு மூட்டி, கம்பித் தட்டில் வாட்டினார்கள். 1873இல் லண்டனுக்குப் போனது வெறும் 23 இறாத்தல். கோப்பிச் செடியை நோய் தின்று முடித்தபோது நாட்டைத் தாங்கியது அந்த விறாந்தைத் தொழில்தான்.

டெயிலர் 1892இல் இறந்தார். 24 தொழிலாளர்கள் மாறி மாறிச் சுமந்து, மலையிறங்கிக் கண்டி மஹியாவை மயானத்துக்குக் கொண்டுவந்தார்கள். கல்லறையில் அவர் பெயர் இருக்கிறது. சுமந்தவர்கள் பெயர் எங்கும் இல்லை. விறாந்தையில் கொழுந்து உருட்டியவர்கள் பெயரும் இல்லை.

எங்களில் எத்தனை பேர் லயத்துக் காம்பராவிலிருந்து விடுதிக்கு வந்தவர்கள்! 10 அடிக்கு 12 அடி அறை, புகை படிந்த சுவர், இஸ்தோப்பில் அம்மி. லயங்கள் இடிந்து தனி வீடுகள் வருவதில் எங்களுக்குத் துளியும் வருத்தமில்லை. இன்னும் வேகமாக வரவேண்டும். ஆனால் ஒன்றிரண்டாவது நிற்க வேண்டாமா? கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயமொன்றையே தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தில் பெரிய இயந்திரங்களைப் பார்த்த கண்ணுக்கு, அந்தச் சின்ன அறை வேறு கதை சொல்லும்.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாச்சியின் கொழுந்துக் கூடை, பழைய செக்ரோல் துண்டு, பிறப்புப் பத்திரம், எது கையில் இருந்தாலும் படமெடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். படத்தின் பின்னால் தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் எழுதுங்கள். மறவாமல் அம்மாச்சியின் முழுப் பெயரையும் எழுதுங்கள்.