நீரிழிவும் நம் வீட்டு அடுப்பும்

அன்பார்ந்த தோட்டத் தொழிலாளர் பெருமக்களே! தாய்மார்களே!

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், நீரிழிவு நோய் கண்டவரின் உணவு. நம் மக்கள் ‘இனிப்பு நீர்’ என்று வழங்கும் இந்நோய் தமக்கு உண்டென அண்மையில்தான் அறிந்தவர்கள் இங்கே ஒருசிலர் இருக்கக்கூடும். சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்து, நோய் இருப்பதாகச் சொன்னவுடன் அவர்கள் மனத்தில் எழும் முதற்கேள்வி, “இனி நான் எதைச் சாப்பிடுவது?” என்பதே. அக்கேள்விக்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

இந்நோய் கண்டவர் தனியர் அல்லர். நம் நாட்டில் 2023ஆம் ஆண்டில் நடத்தப்பெற்ற தேசியச் சுகாதார ஆய்வின்படி, வயதுவந்தோருள் நூற்றுக்கு 15.6 பேர், அதாவது ஏறத்தாழ ஆறு பேருள் ஒருவர், நீரிழிவு உடையவர். அவர்களுள் பலருக்குத் தம் நோய் தமக்கே தெரியாது. எனவே, நோயை அறிந்துகொண்டவர் ஒருவகையில் நற்பேறு பெற்றவரே. அறிந்த நோயைத்தான் அடக்கியாள முடியும்.

நோய் எவ்வாறு உண்டாகிறது என்பதைச் சிறிது காண்போம். நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் கிழங்கும் வயிற்றில் செரித்துச் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றன. அச்சர்க்கரையை உடலின் உறுப்புகளுக்குள் சேர்ப்பிப்பது கணையம் சுரக்கும் இன்சுலின். இன்சுலின் குறைந்தாலும், அது சரிவர வேலை செய்யாவிட்டாலும், சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது. மங்கு நிறைந்தபின் பால் விளிம்பைத் தாண்டி வழிவதுபோல, மிகுந்த சர்க்கரை சிறுநீரில் வழிகிறது. அடிக்கடி சிறுநீர் போவதும், தாகம் எடுப்பதும், உடல் மெலிவதும் அதனால்தான். கவனியாது விட்டால் கண், சிறுநீரகம், இருதயம், கால் நரம்புகள் ஆகியவை பழுதடையும்.

இனி, ஒரு வீட்டை மனக்கண்ணில் காண்போம். அவ்வீட்டுத் தாய்க்கு நீரிழிவு. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுகிறார். டின்பால் ஊற்றிய தேநீரை மட்டும் குடித்துவிட்டு மரம் சீவப் போகிறார். பால் எடுத்துக் கொடுத்து நண்பகலுக்குமேல் வீடு திரும்பிச் சமைக்கிறார். மீன் துண்டுகள் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகின்றன, கீரையும் அவ்வாறே. எல்லாரும் உண்டபின், சட்டியில் எஞ்சிய குழம்பை நிறையச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து அவர் உண்கிறார். இது நம் தாய்மார்களின் அன்பு. ஆனால் நீரிழிவு கண்டவருக்கு இந்த அன்பே தீங்காகிறது. காலையில் வெறுவயிறு, பிற்பகலில் சோறு மட்டும் என்ற இவ்வழக்கம் சர்க்கரையை ஒருவேளை தாழ்த்தி, மறுவேளை மிக உயர்த்திவிடுகிறது.

அவருக்குத் தனியாக ஒரு பானை வைக்கவேண்டுமா? வேண்டியதில்லை. விலையுயர்ந்த மாவோ டப்பா உணவோ வாங்கவேண்டுமா? அதுவும் வேண்டியதில்லை. நீரிழிவு கண்டவருக்கு ஏற்ற உணவு வீட்டிலுள்ள அனைவருக்கும் ஏற்ற உணவே. மாறவேண்டியது தட்டில் பரிமாறும் அளவுதான்.

அந்த அளவைச் சுகாதார அமைச்சு, மலாய் மொழியில் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ என்று எளிதாகச் சொல்லித் தந்திருக்கிறது. கால், கால், அரை என்பது அதன் பொருள். தட்டை மனத்தால் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் காய்கறியும் கீரையும் பழமும் இருக்கட்டும். மறுபாதியை மீண்டும் இரண்டாக்குங்கள். ஒரு காலில் சோறு. மற்றொரு காலில் மீன், முட்டை, கோழி, கெட்டியான பருப்பு, தவ்வு, தெம்பே ஆகியவற்றுள் ஒன்று. கடும் உடலுழைப்பு உடையவருக்கும், மருந்து உட்கொள்பவருக்கும் சோற்றின் அளவு சற்று வேறுபடலாம். அதனைச் சுகாதார நிலையத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

காய்கறிக்காகப் பெரும்பணம் செலவிட வேண்டியதில்லை. வீட்டின் பின்புறத்தில் முருங்கையும் வெண்டையும் கத்தரியும் வளரும். கங்கோங் கீரை, சாவி, பயற்றங்காய், பீர்க்கு ஆகியவையும் நல்லவை. உருளைக்கிழங்கையும் மரவள்ளிக்கிழங்கையும் காய்கறி என்று எண்ணவேண்டா. அவை சோற்றின் இனத்தைச் சேர்ந்தவை. கிழங்கு சமைத்த அன்று சோற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மீனுக்குக் கெம்போங் மீனே போதும். கருவாட்டில் உப்பு மிகுதி. நீரிழிவு கண்டவர் பலருக்கு இரத்தக் கொதிப்பும் சேர்ந்திருப்பதால் அதனை எப்போதாவது சிறிதளவே சேர்த்துக்கொள்க. தேங்காய்ப் பாலையும் பொரித்த பண்டங்களையும் குறைத்தல் இருதயத்திற்கு நலம்.

அடுத்து, நாம் குடிப்பவற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். பலர் சோற்றைக் குறைத்துவிட்டுத் தேநீரை மறந்துவிடுகிறார்கள். டின்பாலின் எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை. ஒரு குவளையில் இரண்டு மேசைக்கரண்டி டின்பால் ஊற்றினால், ஏறத்தாழ 4 தேக்கரண்டி சீனி போட்டதற்கு அது சமம். நாளொன்றுக்கு மூன்று குவளை குடித்தால் 12 தேக்கரண்டி ஆகிறது. சோற்றில் எவ்வளவு கட்டுப்பாடு காட்டினாலும் இது அதனை வீணாக்கிவிடும். பால் சேர்க்காத தேநீரைச் சீனியின்றிக் குடிக்கப் பழகுங்கள். ஒரே நாளில் முடியாவிடில், வாரத்துக்கு ஒரு கரண்டியாகக் குறைத்து வாருங்கள். நாக்கு விரைவில் பழகிவிடும். புட்டிப் பானங்களையும் சர்பத்தையும் விட்டுவிடுங்கள். தாகத்திற்குத் தண்ணீரே தக்கது.

காலைப் பசியாறலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளையோ இன்சுலின் ஊசியையோ எடுத்துக்கொண்டு, ஒன்றும் உண்ணாமல் மரம் சீவப் போவது பேராபத்து. கைநடுக்கம், வேர்வை, படபடப்பு, கண் இருட்டல், மனக்குழப்பம் ஆகியவை தோன்றினால், சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிட்டது என்று அறிக. உடனே வேலையை நிறுத்தி, கத்தியைக் கீழே வைத்துவிட்டு அமருங்கள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிடில் மீண்டும் அவ்வாறே செய்யுங்கள். தெளிந்தபின் உணவு உண்ணுங்கள். ஆகவே, மருந்து உட்கொள்பவர் சிறு பொட்டலம் சீனியை எப்போதும் மடியில் வைத்திருக்க வேண்டும். அருகில் வேலை செய்பவரிடமும் தம் நோயைச் சொல்லிவைக்க வேண்டும். மயங்கி நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றக்கூடாது. அவரை உடனே மருத்துவமனைக்கு எடுத்துச்செல்ல வேண்டும். வெறுவயிற்றில் மது அருந்துவதும் இத்தகைய ஆபத்தை விளைவிக்கும்.

காட்டிற்குப் போகுமுன் உண்பதற்கு இரண்டு இட்டிலியும் சாம்பாரும், அல்லது ஒரு சப்பாத்தியும் ஓர் அவித்த முட்டையும் போதுமானவை. கைப்பையில் இன்னும் சிறிது உணவை எடுத்துச்சென்று இடைவேளையில் உண்ணலாம்.

நம்மிடையே வழங்கும் சில தவறான எண்ணங்களையும் நீக்கவேண்டும். வெள்ளைச் சீனிதான் கெடுதி, கருப்பட்டியும் தேனும் தீங்கற்றவை என்பர் சிலர். இவை யாவும் சர்க்கரையே. சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் எத்தனை வேண்டுமானாலும் உண்ணலாம் என்பர் வேறு சிலர். கோதுமையும் மாப்பொருளே, நான்கு சப்பாத்தி நான்குதான். கஞ்சி மெல்லிய உணவாயிற்றே என்றால், குழைந்த கஞ்சி விரைவில் செரித்துச் சர்க்கரையை விரைவில் ஏற்றுகிறது. பழமே ஆகாது என்பதும் தவறு. ஒரு வேளைக்கு ஒரு சிறு வாழைப்பழமோ, ஒரு கீற்றுப் பப்பாளியோ உண்ணலாம். சாறு பிழிந்து குடித்தலைத் தவிர்க்கவேண்டும். பாகற்காயும் வெந்தயமும் நல்ல உணவே. ஆயினும், அவற்றை நம்பி மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தியவர் தம் உயிரைப் பணயம் வைத்தவர் ஆவார்.

தீபாவளியும் பொங்கலும் திருமணமும் வரும். பலகாரத்தை முற்றும் விலக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஒரு சிறு துண்டை உண்டு, அவ்வேளையில் சோற்றைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் விருந்தளிப்போருக்கு ஒரு வேண்டுகோள். “ஒன்றே ஒன்று சாப்பிடுங்கள், ஒன்றும் ஆகாது” என்று வற்புறுத்தாதீர்கள். பத்து வீடுகளில் ஒவ்வொன்று என்றால், அது பத்தாகிவிடும். வேண்டாம் என்பவரை மதிப்பதும் விருந்தோம்பலே.

உணவோடு நடையும் வேண்டும். பாதங்களை நாள்தோறும் கழுவித் துடைத்து, புண் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். காட்டிற்குள் காலணியின்றிப் போதல் ஆகாது. நரம்பு மரத்துப் போனால் முள் தைத்ததும் தெரியாது. மருத்துவர் குறித்த நாளில் தவறாமல் சுகாதார நிலையம் சென்று இரத்தத்தைச் சோதித்துக்கொள்வதும் கட்டாயமாகும்.

குடும்பத் தலைவர்களே, பிள்ளைகளே, இறுதியாக உங்களுக்கு ஒரு சொல். நோய் கண்டவர் தாயாயின், அவர் கடைசியில் உண்ணும் வழக்கம் இன்றோடு நிற்கட்டும். அவர் தட்டில் முதலில் கீரையையும் ஒரு துண்டு மீனையும் நீங்களே எடுத்து வையுங்கள்; எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்ணுங்கள். நோய் கண்டவர் தந்தையாயின், அவர் முன்னே டின்பால் தேநீரைக் குடித்துக்கொண்டு, அவரை மட்டும் விலகியிருக்கச் சொல்லாதீர்கள். பெற்றோருக்கு வந்த இந்நோய் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு மிகுதி. ஆதலால் இன்று அவருக்காக மாறும் அடுப்பு நாளை உங்களையும் காக்கும்.

ஒரே பானையில் சமைப்போம், அளவறிந்து பரிமாறுவோம், ஒருவருக்கு வந்த நோயைக் குடும்பமே சேர்ந்து தாங்குவோம். அனைவரும் நலமுடன் நெடுநாள் வாழ வாழ்த்தி அமைகிறோம்.