தம்பிக்காகத் தரித்த உயிர்



புகையும் கல் என்னும் பொருள்பட ஒகேனக்கல் என்று பெயர் பெற்ற இத்தலத்தில், தேசநாதேசுவரப் பெருமானும் காவிரியம்மையும் எழுந்தருளியிருக்கும் திருச்சந்நிதியில், ஆடி விழாவின் பொருட்டு நாம் கூடியிருக்கின்றோம். பதினெட்டாம் பெருக்கன்று புதுமணப் பெண்கள் இக்கரையிலே தாலிக்கயிறு மாற்றிக்கொள்கின்றனர். ஆடி அமாவாசையன்று இதே கரையில் இறந்தோர்க்கு எள்ளும் நீரும் இறைக்கின்றனர். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது அந்த அமாவாசைக் கூட்டத்தைப் பற்றி. அதிலும், பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் விளங்காமல் நிற்கும் பிள்ளைகளைப் பற்றி.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமாவாசையன்று ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இக்கோயில் வாயிலில் நின்று, உள்ளே வரமாட்டேன் என்று பிடிவாதம் செய்தான். தந்தை இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பாட்டியார் அதட்டினார், தாயார் கண் கலங்கினார். அருகே சென்று மெல்ல வினவினோம். “சாமிதான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிற்று; உள்ளே போனால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விடும்” என்றான்.

அன்பர்களே, அச்சொல் பாட்டியார் சொன்னது. ஆனால் நாமும் சாவு வீடுகளில் நாற்பது ஆண்டுகளாக அதனையே சொல்லி வந்திருக்கின்றோம். ஆறுதல் என்று எண்ணிச் சொன்னோம். பெரியோர் செவியில் அது ஆறுதலாக விழுகிறது. குழந்தையின் செவியிலோ திருட்டுக் குற்றச்சாட்டாக விழுகிறது. “வெளியூர் போயிருக்கிறார்” என்பார் சிலர். அப்படிச் சொல்லப்பட்ட பிள்ளை வாசலையே பார்த்துக் காத்திருக்கும்.

படிக்கட்டில் அவனோடு அமர்ந்து சொன்னோம்: “அப்பாவின் உடம்பில் நோய் மிகுந்துவிட்டது, மருத்துவர் முயன்றும் தீரவில்லை, உடம்பு நின்றுபோயிற்று. இனி அவருக்குப் பசியில்லை, வலியில்லை. திரும்பி வரமாட்டார். அம்மா உன்னோடு இருக்கிறார்.” உயிரின் நித்தியத்துவத்தைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம், உடம்பின் உண்மையை முதலில் சொல்ல வேண்டும். நெடுநேரம் வாளாவிருந்தவன், “அன்றைக்கு நான் அப்பாவிடம் கோபித்துக்கொண்டேனே, அதனால் இல்லையா?” என்றான். இரண்டு மாதமாக அச்சிறு நெஞ்சு சுமந்த பாரம் அது! இல்லை என்று மும்முறை சொன்னோம். அன்றும் அவன் கோயிலுக்குள் வரவில்லை; நாமும் வற்புறுத்தவில்லை. தாய்மாமன் கையைப் பிடித்துக்கொள்ள, ஆற்றில் இறங்கித் தன் கையாலேயே எள்ளும் நீரும் விட்டான்.

இத்துயரைச் சேக்கிழார் பெருமான் நன்கறிந்தவர். திருவாமூரில் புகழனார் நோயுற்று மறைந்தார். மாதினியாரும் கணவரைத் தொடர்ந்து உயிர் நீத்தார். எஞ்சியவர்கள் திலகவதியாரும் தம்பி மருணீக்கியாரும். அம்மையாருக்கு மணம் பேசப்பெற்றிருந்த கலிப்பகையாரும் போர்க்களத்தில் பட்டார் என்ற செய்தி வந்தது. உயிர் விடத் துணிந்தார் அம்மையார். தம்பியார் அவர் திருவடியில் விழுந்து, ‘நீரும் போவதாயின் உமக்கு முன்னே யான் போவேன்’ என்னும் கருத்துப்படக் கதறினார். தம்பி வாழவேண்டும் என்று அம்மையார் உயிர் தாங்கினார். அங்கே எவரும் அவருக்குத் தத்துவம் உரைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தாமும் தாங்கொணாத் துயரில் இருந்த ஒருவர் மற்றவருக்காக இருந்தார், அவ்வளவே.

மருணீக்கியார் பின்னர் அறச்சாலை வைத்தார், தண்ணீர்ப்பந்தர் அமைத்தார், சோலை வளர்த்தார், குளம் தொட்டார். துயருற்ற கைகளுக்கு வேலை வேண்டும்போலும்! அதன்பின் நிலையாமையை நினைந்து, சமணம் புகுந்து நெடுந்தொலைவு சென்றுவிட்டார். தமக்கையார் திருவதிகையில் திருத்தொண்டு செய்து, தம்பிக்காக வேண்டியே காத்திருந்தார். சூலை நோயோடு அவர் மீண்டபோது, ஏன் போனாய் என்று கேளாமல் திருநீறு அளித்தார். பிள்ளையின் துயரம் எத்தனை ஆண்டு கழித்து எவ்வடிவில் வெளிப்படும் என்று யாரால் கூறமுடியும்?

நம்மவரோ பதினாறாம் நாள் கருமாதியோடு கலைந்துவிடுகின்றோம். பந்தல் பிரித்த பிறகுதான் அவ்வீட்டுக்கு ஆள் வேண்டும். பள்ளி திறக்கும் நாளில் உடன் செல்ல ஒருவர், இரவில் பிள்ளை அழும்போது தாயை உறங்கவிட்டு விழித்திருக்க ஒருவர், இறந்தவரின் பெயரைத் தயங்காமல் சொல்லி அவரைப் பற்றிப் பேச ஒருவர். ‘இனி நீதான் வீட்டுக்கு ஆண்பிள்ளை’ என்று பத்து வயதுப் பாலகன் தலையில் குடும்பத்தை ஏற்றுபவரை மட்டும் தள்ளியே நிறுத்துங்கள்!

பொருளுதவியும் மறக்கற்பாலதன்று. தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 2,000 ரூபாய் வழங்கும் ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது. ஆதரவற்ற பிள்ளையைக் கண்டால் 1098 என்னும் தொலைபேசி எண்ணுக்குத் தெரிவிக்கலாம். துக்கத்தில் இருக்கும் தாய் விண்ணப்பத்தாளைத் தேடி அலையமாட்டார். உடன் செல்வது அண்டை வீட்டார் கடன்.

தீபாராதனைக்கு மணி ஒலிக்கிறது. தம் மைந்தன் அரவு தீண்டி இறந்ததை மறைத்து நாவரசருக்கு அமுது படைக்க முனைந்த அப்பூதியடிகள் வரலாற்றை நாளை மாலை தொடர்வோம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.