சுருதி ஏறிய ஒலிநாடாக்கள்: தலைமை உரை



வயலின் ஒலிப்பதிவை மென்பொருளில் இட்டுச் சுரக்குறிப்பாக எடுப்பது பற்றி இக்கருத்தரங்கில் இரண்டு நாள் பேசப்போகிறோம். யாழ்ப்பாணத்து மருதனார்மடம் இதற்குப் பொருத்தமான இடம். இராமநாதன் சங்கீத அக்கடமி 1960இல் தொடங்கி, மகாராஜபுரம் சந்தானம் அதிபராக இருந்த காலத்திலும், 1975இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பிறகும், இங்கே பாடம் வாய்வழியாகத்தான் வந்தது. கொப்பியில் சாகித்தியம் இருக்கும். அதன்மேல் ச ரி க ம இருக்கும். தாரத்துக்கு மேலே ஒரு புள்ளி, மந்தரத்துக்குக் கீழே ஒரு புள்ளி, நீட்டத்துக்குக் காற்புள்ளி. மிச்சமெல்லாம் குருவின் கையில் இருந்தது. இப்போது இறுதியாண்டு ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் வேறொரு தாள் வரத் தொடங்கியிருக்கிறது. ஐந்து கோட்டில் மேலைநாட்டு முறையில் அச்சான, பார்வைக்கு மிக அழகான தாள். மென்பொருள் தந்தது என்று அடிக்குறிப்பும் உண்டு. அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

ஒரு தோடி ஆலாபனையை எடுத்துக்கொள்வோம். தோடியின் காந்தாரம் பெரும்பாலான பிரயோகங்களில் காந்தாரத்தில் நிற்பதேயில்லை. விரல் ரிஷபத்தை நோக்கி இறங்கும். மத்திமத்தைத் தொட்டு மீளும். அந்த அசைவு முழுவதற்கும் சேர்த்துத்தான் நாம் ‘க’ என்கிறோம். மென்பொருளுக்கு இது தெரியாது. அது ஒலி அலையைத் தன்னோடு தானே சற்றுத் தள்ளிவைத்து ஒப்பிட்டு, அலை எத்தனை காலத்துக்கு ஒருமுறை திரும்புகிறது என்று கணக்கிடுகிறது. 2002இல் வந்த ‘யின்’ முறையும், 2014இல் அதைத் திருத்தி வந்த ‘பியின்’ முறையும் இந்த வழியில் வந்தவையே. இதுவரை பழுதில்லை, கிடைக்கும் சுருதிக் கோடு நம் காதுக்கே எட்டாத நுட்பம் கொண்டது. பழுது அடுத்த படியில் நேர்கிறது. அந்தக் கோட்டைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பன்னிரண்டு சுரத்தானங்களில் பக்கத்தில் உள்ள ஒன்றில் கொண்டுபோய் ஒட்டுகிறது. தாளில் ரி, ம, ரி, ம என்று பொடிப்பொடியாக விழுகிறது. காந்தாரத்தைக் காணோம். அதைப் பார்த்து வாசிக்கும் பிள்ளைக்குத் தோடி வராது.

தாளத்திலும் இப்படித்தான். ஆலாபனைக்குத் தாளமே இல்லை. ஆனாலும் மென்பொருள் நாலு நாலாகக் கோடு போடும். கிருதியின் எடுப்பு அரை இடம் தள்ளி இருந்தால், முதல் ஒலி கேட்ட இடத்தையே சமம் என்று பிடித்துக்கொள்ளும். இரண்டு தந்தியை ஒருசேர இழுத்து மேல், கீழ் ஷட்ஜத்தைச் சேர்த்துக் கொடுத்தால் ஸ்தாயி மாறி எழுதும். இவற்றைத் திருத்தலாம்; திருத்தவும் எளிது.

திருத்தக் கடினமானது ஒலிநாடா. நம் குடாநாட்டுக்கென்றே உள்ள சிக்கல் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

போர்க்காலத்தில், 1990க்குப் பிறகு பல ஆண்டுகள் இங்கே மின்சாரம் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட தலைமுறை இந்த மண்டபத்தின் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்து நடந்தபோது பல வீடுகளில் கசெற்றுகள் அலுமாரியிலேயே கிடந்தன. தப்பி வந்தவற்றில் பல, செத்துக்கொண்டிருந்த பற்றறியில் பதிவானவை.

பற்றறி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகச் சுற்றும். மெதுவாக ஓடிய நாடாவில் பதிந்ததைச் சரியான வேகத்தில் திருப்பிப் போட்டால் சுருதி ஏறிக் கேட்கும். வேகத்தில் ஆறு சதவீதம் மாறினால் அரைக் கட்டை. ஆகவே ஒரு கட்டையில் தொடங்கிய கச்சேரி மங்களத்துக்கு வரும்போது ஒன்றரைக் கட்டையில் முடிந்தது போலத் தோன்றும். மென்பொருள் என்ன செய்யும்? முதல் பாதியில் ‘ச’ என்று எழுதியதைப் பின்பாதியில் சுத்த ரிஷபம் என்று எழுதும்.

இதைவிடத் தந்திரமானது நாடாவின் தள்ளாட்டம். நாடாவை இழுக்கும் உருளை தேய்ந்து வட்டம் கெட்டிருந்தால் சுருதி ஒரே சீராக மேலும் கீழும் அசையும். வரைபடத்தில் அது, சுரத்தை அசைத்து வாசிக்கும் அசல் கம்பிதம் போலவே தெரியும். தேய்ந்த ரப்பர் உருளையின் வேலையை ஒரு வித்துவானின் பாணி என்று ஆய்வேட்டில் எழுதிவிட வாய்ப்புண்டு. பிரித்தறிய வழி ஒன்று இருக்கிறது: சுருதிப்பெட்டி. பின்னணியில் விடாமல் ஒலிக்கும் அந்த ஷட்ஜத்தைத் தனியே கோடாக எடுங்கள். வயலினின் கோடு அசையும்போது சுருதிப்பெட்டியின் கோடும் கூடவே அசைந்தால் குற்றம் நாடாவினுடையது. வயலின் மட்டும் அசைந்தால் அது விரல். சுருதிப்பெட்டியின் கோட்டை நேராக்கினால் வேகம் முழுவதும் நேராகிவிடும். அதன் பிறகுதான் சுரம் எழுத உட்கார வேண்டும். கோயில் திருவிழாப் பதிவுகளில் ஜெனரேற்றரின் இரைச்சலை அளவுகோலாக வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். நம்மூர் ஜெனரேற்றர் 50 ஹேட்ஸில் அசையாமல் நிற்கும் என்று நம்புகிறவர்களுக்கு என் அனுதாபம்.

எழுத்துக்குள் எதைக் கொண்டுவருவது என்ற வழக்கு பழையது. வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முதல்வர் பாலுசுவாமி தீட்சிதர். அவருடைய மகள் வயிற்றுப் பேரனும் சுவீகார புத்திரனுமான சுப்பராம தீட்சிதர்தான், 1904இல் எட்டயபுரத்திலிருந்து வந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் கமகங்களுக்குத் தனித்தனி அடையாளம் போட்டு அச்சிட்டவர். வயலினும் கமகக் குறியீடும் ஒரே வீட்டிலிருந்து வந்தன என்பதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அவரை எழுதத் தூண்டியவர் சின்னசாமி முதலியார்; அவரோ அதற்கு முன்பே நம் கிருதிகளை ஐரோப்பியக் கோட்டுமுறையில் அச்சிடத் தொடங்கியிருந்தவர். இன்று நம் முன் உள்ள இரண்டு தாள்களும் அன்றே எதிரெதிராக வைக்கப்பட்டுவிட்டன.

வேறொரு மரபிலும் இதே வழக்கைப் பார்க்கலாம். 1903இல் சிக்காகோ நகரப் பொலிஸ் தலைவர் பிரான்சிஸ் ஓநீல், ஐரிஷ் மெட்டுகள் 1850ஐத் தொகுத்து வெளியிட்டார். பிடில்காரர்கள் அந்த நூலை இன்றும் கையாள்கிறார்கள். அதில் பெரும்பாலும் மெட்டின் கட்டமைப்புத்தான் உண்டு. அலங்காரத்தை வாசிப்பவர் தன் ஊர் வழக்கப்படி சேர்த்துக்கொள்வார். நம் கொப்பிச் சுரமும் அதே வகை. இசையியலாளர் சார்ல்ஸ் சீகர் 1958இல் இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்தார்: இப்படி வாசி என்று சொல்லும் எழுத்து ஒன்று, இப்படி ஒலித்தது என்று காட்டும் எழுத்து இன்னொன்று. நம் பின்னிணைப்புத் தாள் இரண்டிலும் சேராது. அதைப் பார்த்து வாசிக்க முடியாது. ஒலித்ததையும் அது காட்டவில்லை.

மென்பொருளே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பார்சலோனாவில் சேவியர் செர்ரா 2011 முதல் 2017 வரை நடத்திய ‘கொம்மியூசிக்’ திட்டமும், சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தியின் குழுவும் கர்நாடக இசைக்கென்றே செய்த ஆய்வுகள் நமக்குப் பெரிய துணை. எம். சுப்பிரமணியன் ஆக்கிய ‘காயகா’ எதிர்த்திசையில் போகிறது: சுரத்தை எழுதிக் கொடுத்தால் கமகத்தோடு ஒலிக்கும். ஒரு பிரயோகத்தை எழுதி, அதை ஒலிக்கவிட்டு, பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மாணவருக்கு எழுத்தில் எது விடுபட்டது என்று உடனே புரியும்.

பக்கவாத்தியப் பதிவுகளில் கவனம் தேவை. பாடகர் ஒரு சங்கதியை விட, வயலின் அதைப் பின்தொடர்ந்து பிடிக்கிறது. பெண் பாடகர் ஐந்தரைக் கட்டையில் பாடினால் குரலும் வில்லும் ஒரே ஸ்தாயியில் மோதும். எது உரக்கக் கேட்கிறதோ அதை மென்பொருள் பின்தொடரும். பாதி வரி குரலுடையதும் மீதி வரி வயலினுடையதுமாக, யாருமே வாசிக்காத ஒன்று தாளில் வரும். ஆய்வுக்குத் தனிக்கச்சேரிப் பதிவுகளையே முதலில் எடுங்கள்.

ஆகவே இக்கருத்தரங்கில் கட்டுரை படிப்போர் மூன்றை ஒன்றாகத் தர வேண்டுமென்று கேட்கிறேன். ஒன்று, இரைச்சல் நீக்காத மூல ஒலிக்கோப்பு, குறைந்தது 48 கிலோஹேட்ஸ், 24 பிட் அளவில். அடுத்தது, வேகம் திருத்தி, ஷட்ஜத்திலிருந்து அளந்த சுருதிக் கோடு. கடைசியாக, அந்தப் பாணி தெரிந்த ஒருவர் தன் காதால் கேட்டு எழுதிய சுரவரி, கோட்டுக்கு நேர் கீழே. சுருதிக் கோடும் சுரவரியும் முரண்படும் இடங்களில் சிவப்பு மையால் ஒரு கோடு இட்டால் போதும். கலந்துரையாடலை அங்கிருந்தே தொடங்கலாம்.

முதல் அமர்வில் நான்கு கட்டுரைகள். ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம். அதில் ஐந்து நிமிடமாவது ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுங்கள். ஒலிபெருக்கி ஒழுங்காக வேலை செய்கிறது என்று அமைப்பாளர்கள் உறுதியளித்திருக்கிறார்கள். முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.