வடக்கன்குளத்துத் தடுப்பும் ரால்ஸின் திரையும்



குற்றாலத்தில் கருத்தரங்கு வைத்தால் பேராளர்களில் பாதிப்பேர் துண்டோடுதான் வந்திருப்பார்கள். பிற்பகல் அமர்வுக்கு எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பது ஐந்தருவிக்கே வெளிச்சம். சொல்ல வேண்டியதைக் காலையிலேயே சொல்லிவிடுவது நல்லது. கிறித்தவ அறவியலையும் இன்றைய நீதிக் கோட்பாடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க ஹார்வர்டு வரை போக வேண்டியதில்லை. இராதாபுரம் பக்கத்து வடக்கன்குளம் போதும்.

திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் நீலகண்டன் 1745-இல் அங்கே திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகிய அவர் 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஊரில் 1872-இல் எழுந்த கோவிலுக்கு இரண்டு கூடங்கள். ஒன்று வெள்ளாளருக்கும் அவரோடு சேர்ந்தோருக்கும். மற்றது நாடார் முதலியோருக்கும். இரண்டும் ஒரே பலிபீடத்தில் போய் முடிந்தன. கடவுளைப் பங்கிடாமல் தரையை மட்டும் பங்கிட்ட கெட்டிக்காரத்தனம் அது.

1910-இல் சேசுசபைக் குரு கௌசானல் இரண்டு கூடங்களையும் பிரித்த தடுப்பை எடுத்தார். எதிர்த்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை நடந்தது. தனி இடம் தங்கள் வழக்காற்று உரிமை என்றார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்த வரலாற்றை ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

இங்கே கவனிக்க வேண்டியது, தடுப்பைக் கேட்டவர்களும் உரிமை என்றே பேசினார்கள் என்பது. அப்படியானால் எந்த உரிமை செல்லும்?

ஜான் ரால்ஸ் 1971-இல் ‘நீதிக் கோட்பாடு’ நூலில் ஒரு வழி சொன்னார். எந்தக் குடியில், எந்த நிலையில் பிறக்கப் போகிறோம் என்பதை மறைக்கும் திரைக்குப் பின்னால் நின்று விதிகளை வகுக்க வேண்டும். வடக்கன்குளத்தில் தனக்கு எந்தக் கூடம் வாய்க்கும் என்று தெரியாத கொத்தனார் ஒரே கூடத்தைத்தான் கட்டியிருப்பார். இந்த ரால்ஸ் 1942-இல் பிரின்ஸ்டனில் பாவத்தையும் விசுவாசத்தையும் பற்றி ஆய்வேடு எழுதிய மாணவர். பசிபிக் போர் முனைக்குப் போனவர் அந்த விசுவாசத்தை இழந்து திரும்பினார். அமர்த்தியா சென் 2009-இல் வேறொரு கோணம் வைத்தார்: முழுநிறைவான சமூகத்தின் வரைபடம் கைக்கு வரும்வரை காத்திராமல், கண்ணெதிரே இருக்கும் அநீதியை நீக்கத் தொடங்கலாம். கௌசானல் செய்தது ஏறக்குறைய அதுதான்.

கிறித்தவ அறவியலிடம் இவர்கள் இருவரிடமும் இல்லாத ஒன்று உண்டு. மத்தேயு நற்செய்தியின் திராட்சைத் தோட்டக்காரர் கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழுக் கூலி கொடுக்கிறார். உழைப்புக்கேற்ற ஊதியம் என்ற கணக்கு அங்கே உடைகிறது. ஆனால் அந்தத் தாராளம் கொடுப்பவரின் விருப்பமாகவே நின்றுவிட்டால், வாங்குபவர் என்றைக்கும் கையேந்தித்தான் நிற்க வேண்டும். அன்பைப் பற்றி ஓயாமல் பிரசங்கித்த திருச்சபை சாதியை இத்தனை காலம் சகித்ததற்கு இதுவும் ஒரு காரணம். தேவசகாயத்தின் பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’யை வத்திக்கான் நீக்கியதே 2020-இல்தான், புனிதர் பட்டம் 2022-இல் வந்தது.

அரசின் பக்கமும் நேராக இல்லை. சென்னைச் சாலையோரம் செருப்பு தைத்துப் பிழைத்த ஆதிதிராவிடரான சூசைக்கு அரசின் இலவசப் பெட்டிக்கடை மறுக்கப்பட்டது; காரணம், அவர் கிறித்தவர். 1985-இல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்ட வேண்டும் என்றது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர் இன்னும் வெளியே. 1981-இல் இதே தென்காசிப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் இஸ்லாத்தைத் தழுவிய தலித் குடும்பங்களும் அப்படியே. இது பற்றி ஆராய 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டது.

ஆகவே ‘எங்கள் சபையில் சாதி இல்லை’ என்று மேடையில் சொல்லும் ஒவ்வொரு ஆயரும் தம்மை அறியாமலே சூசைக்கு எதிராகச் சாட்சி சொல்கிறார். இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால், கல்லறையிலும் பள்ளிப் பணி நியமனத்திலும் அதை நீக்கும் பொறுப்பு உடனே வந்து சேரும். இந்த இரண்டு நாளில் ரால்ஸை மேற்கோள் காட்டுவோர் தங்கள் பங்கின் கல்லறைத் தோட்ட வரைபடத்தையும் கட்டுரையோடு இணைக்கலாம். கேள்வி நேரத்தை அதிலிருந்தே தொடங்குவோம்.