பதில் சொல்லும் கடமை

அயர்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவைக்கு டோல் என்று பெயர். டப்ளினில் கில்டேர் தெருவில் உள்ள லெய்ன்ஸ்டர் மாளிகையில் அது கூடுகிறது. அமைச்சர்களிடம் அங்கே கேட்கப்படும் கேள்விகளின் பட்டியலை முதன்முறை பார்ப்பவருக்கு வியப்பாகத்தான் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம், வரவு செலவுத் திட்டம் பற்றியெல்லாம் கேள்விகள் உண்டு. அவற்றுக்கு இடையிலேயே, ஒரு முதியவருக்கு இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சை எப்போது நடக்கும், ஒரு மாணவிக்குப் பள்ளிப் பேருந்தில் ஏன் இடம் கிடைக்கவில்லை, ஒரு விதவையின் ஓய்வூதிய மனு எந்த மேசையில் கிடக்கிறது என்பன போன்ற கேள்விகள் வரிசையாக வரும். சம்பந்தப்பட்டவரின் பெயரும் முகவரியும் அச்சில் வராது. விவரம் தனியே தரப்பட்டுள்ளது என்ற குறிப்பு மட்டும் இருக்கும். இவ்வளவு சிறிய விஷயங்களுக்காகவா ஒரு நாடாளுமன்றம் என்று கேட்பவர்கள் அந்த நாட்டிலேயே இருக்கிறார்கள். இந்தக் கேள்விகள்தான் நாடாளுமன்றத்தின் மெய்யான வேலை, பழுது இருப்பதெல்லாம் அவற்றுக்குக் கிடைக்கும் பதிலில் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

கேட்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்திய மக்களவையின் கேள்வி நேரத்தைப் போலவே இதுவும் வெஸ்ட்மின்ஸ்டர் மரபிலிருந்து வந்ததுதான். அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் ஒரு வகை. எழுத்தில் பதில் பெறும் கேள்விகள் மற்றொரு வகை, எண்ணிக்கையில் அவையே பல மடங்கு அதிகம். எழுத்துக் கேள்விக்கு வழக்கமாக மூன்று வேலை நாட்களில் பதில் தர வேண்டும். ஓர் ஆண்டில் கேட்கப்படும் கேள்விகள் பல ஆண்டுகளில் ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருக்கின்றன. 2024 நவம்பர் தேர்தலில் டோலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 174 பேர்; நாட்டின் மக்கள்தொகையோ ஐம்பது லட்சத்துக்குச் சற்று மேல். இருபதாயிரம் முதல் முப்பதாயிரம் பேருக்கு ஓர் உறுப்பினர் என்ற அளவு இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டமே வரையறுத்திருக்கிறது. ஆகவே உறுப்பினர் எட்டாத தூரத்தில் இருப்பவர் இல்லை. கேள்வியும் பதிலும் அவைக்குறிப்பில் ஏறிவிடுகின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

இந்த வழக்கத்தின் மீதான குற்றச்சாட்டு பழையது. பேசில் சப் என்ற அரசியல் அறிஞர் 1963-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, அயர்லாந்து உறுப்பினரின் பிழைப்பு அரசு ஊழியர்களை விரட்டிக்கொண்டு திரிவதுதான் என்ற பொருளைத் தருவது. சட்டம் இயற்ற வந்தவர் தொகுதி மக்களுக்காகத் தூது போகிறவராக மாறிவிட்டார் என்பது அந்தத் தரப்பின் வாதம். டொனகல் பகுதியின் அரசியலை ஆராய்ந்து 1976-இல் நூல் வெளியிட்ட பால் சாக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு குடிமகனுக்குச் சட்டப்படி எப்படியும் கிடைக்கப்போகும் ஒன்றைத் தானே வாங்கிக் கொடுத்ததாக உறுப்பினர் காட்டிக்கொள்வது கற்பனைச் சலுகை என்றார் அவர். இதில் உண்மை இருக்கிறது. அயர்லாந்தில் ஒரு தொகுதிக்கு மூன்று முதல் ஐந்து உறுப்பினர்கள்; வாக்காளர் தம் விருப்பப்படி வேட்பாளர்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என வரிசை எண் இடுகிறார். ஒரே கட்சிக்காரர்களும் தங்களுக்குள் மோத வேண்டிய முறை இது. கட்சிக் கொள்கை இருவருக்கும் பொது என்பதால், ஓடியாடி உழைத்தவர் யார் என்பதே வாக்குக் கேட்கும் காரணமாகிவிடுகிறது.

ஆனால் பழி முழுவதையும் தேர்தல் முறை மீது சுமத்துவது சரியாகாது. உள்ளாட்சி வலுவாக இருக்கும் நாட்டில் மன்ற உறுப்பினரிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ளும் பல காரியங்கள் அயர்லாந்தில் டப்ளினில்தான் தீர்மானமாகின்றன. காவல் துறை முழு நாட்டுக்கும் ஒன்றே. பள்ளிக்கூடமும் ஓய்வூதியமும் மத்திய அரசின் கையில். 2014-இல் நகர மன்றங்கள் கலைக்கப்பட்டு, 31 உள்ளாட்சி அமைப்புகளே எஞ்சின. மருத்துவத்தில் மாற்றம் இன்னும் கூர்மையானது. பகுதிவாரியான சுகாதார வாரியங்களில் உள்ளூர்ப் பிரதிநிதிகளுக்கு இடம் இருந்த காலம் ஒன்று உண்டு. 2005 ஜனவரியில் அந்த ஏற்பாடு போய், சுகாதாரப் பணிகள் நிர்வாகம் என்ற ஒற்றை அமைப்பு நாடு முழுவதற்கும் வந்தது. அதன் பிறகு ஒரு சிற்றூர் மருத்துவமனையின் குறையைப் பொதுவெளியில் கேட்க முதன்மையான இடம் டோல் ஆயிற்று. கேள்விகள் அங்கே குவிவதற்கு உறுப்பினரின் சபலம் மட்டுமே காரணம் என்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொரு வேறுபாட்டையும் பார்க்க வேண்டும். உறுப்பினர் அதிகாரிக்குத் தொலைபேசியில் பேசி ஒருவருடைய கோப்பை முன்னே நகர்த்தச் சொல்வது ஒன்று. அதே குறையை அவையில் கேள்வியாக்குவது முற்றிலும் வேறு ஒன்று. முதலாவதில் உறுப்பினரைத் தெரிந்தவருக்கு நன்மை. வரிசையில் நிற்கும் மற்றவருக்கு நட்டம். இரண்டாவதில் வரிசை எவ்வளவு நீளம் என்பதே வெளிச்சத்துக்கு வருகிறது. 2022-இல் கோவிட் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்தன. அந்த ஓராண்டில் வழங்கப்பட்டவை மட்டும் பத்து லட்சத்துக்கு மேல். அவசர விண்ணப்பங்களைப் பற்றி விசாரிக்க உறுப்பினர்களுக்கென்று தனித் தொலைபேசி வழியே இருந்தது. அந்த வழி சிலருடைய பயணத்தைக் காப்பாற்றியிருக்கும். ஆயினும் முதல்முறை விண்ணப்பிப்பவர்கள் ஏன் இத்தனை வாரம் காத்திருக்கிறார்கள், கூடுதல் ஊழியர் எத்தனை பேர் என்று அமைச்சரை எழுத்தில் சொல்ல வைத்தது அவையில் கேட்ட கேள்வியே.

இதைவிடக் கனமான சான்று மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பற்றியது. 2005-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், ஒரு குழந்தைக்கு எந்தெந்த உதவிகள் தேவை என்று மதிப்பிடக் கோரும் உரிமையைப் பெற்றோர் கையில் கொடுத்தது. விண்ணப்பித்த மூன்று மாதத்துக்குள் மதிப்பீடு தொடங்க வேண்டும். அடுத்த மூன்று மாதத்துக்குள் முடிய வேண்டும். சட்டம் தெளிவு; நடைமுறை பரிதாபம். தாமதத்தைக் குறைக்கச் சுகாதாரப் பணிகள் நிர்வாகம் கொண்டுவந்த குறுகிய முதற்கட்ட மதிப்பீடு சட்டத்தின் தேவையை நிறைவு செய்யவில்லை என்று 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடு தாண்டிய மதிப்பீடுகள் 2025-இல் பதினைந்தாயிரத்தைக் கடந்தன. எந்தப் பகுதியில் எத்தனை குழந்தைகள், எத்தனை சிகிச்சையாளர் பணியிடங்கள் காலி என்று உறுப்பினர்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர்ந்து இதைத் தீர்மானமாக்கி விவாதித்தன. ஒரு தாயின் மனு தனியே கிடந்தால் அது ஒரு வீட்டின் துயரம். கேள்விகளுக்கு வந்த பதில்களை அடுக்கிப் பார்த்தபோது, அரசே தன் சட்டத்தை மீறுகிறது என்ற உண்மை அரசின் சொந்த எண்களிலிருந்தே நிரூபணமாயிற்று. தொகுதிச் சில்லறை என்று ஒதுக்கப்படும் கேள்விகளின் மதிப்பு இதுதான்.

இனி பதிலின் பக்கம் வருவோம். அரசு டோலுக்குப் பொறுப்புடையது என்கிறது அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவு. 1924-ஆம் ஆண்டுச் சட்டம், துறையின் செயல்களுக்கு அமைச்சரையே பொறுப்பாக்கியது. ஆனால் மருத்துவமனை, நெடுஞ்சாலை, குடிநீர், ஓட்டுநர் தேர்வு ஆகிய அன்றாடப் பணிகள் இன்று பெரும்பாலும் துறைக்கு வெளியே உள்ள தனி அமைப்புகளிடம் இருக்கின்றன. உறுப்பினர் கேட்கிறார், இது நடைமுறைப் பணி சார்ந்த விஷயம், தங்களுக்கு நேரடியாகப் பதில் தரும்படி நிர்வாகத்தைக் கேட்டிருக்கிறேன் என்று அமைச்சரின் பெயரில் இரண்டு வரி வருகிறது. சுகாதாரத்தில் இந்த வாசகம் ஏறக்குறைய அச்சுப்படிவமாகவே ஆகிவிட்டது. பிற்பாடு, இப்படி அனுப்பப்பட்ட கேள்விகளுக்குப் பத்து வேலை நாட்களுக்குள் பதில் தரவும் அதை வெளியிடவும் அவை விதி கொண்டுவந்தது; பதில் போதாது என்றால் அவைத் தலைவரிடம் முறையிடலாம். முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் பதில் அமைச்சர் வாயிலிருந்து வருவதற்கும் அலுவலகக் கடிதமாக வருவதற்கும் இடையே பெரும் இடைவெளி இருக்கிறது. பணத்தை ஒதுக்குபவர் அமைச்சர். கொள்கையை வகுப்பவர் அவர். குறை வரும்போது மட்டும் அவர் இடையிலிருந்து விலகிக்கொள்வதை ஏற்க முடியாது.

இதற்கு நேர்மையான மறுப்பு ஒன்று உண்டு. யாருக்கு எப்போது அறுவை சிகிச்சை என்பதில் அரசியல்வாதி தலையிடக்கூடாது என்பதற்காகத்தானே இந்த அமைப்புகளை அமைச்சரிடமிருந்து பிரித்தோம் என்கிறார்கள். அந்த நோக்கம் சரியானது, காக்க வேண்டியது. ஆனால் ஆணையிடுவதும் கணக்குச் சொல்வதும் இரண்டு வேலைகள். ஒரு நோயாளியை முன்னே தள்ளும்படி அமைச்சர் மருத்துவரிடம் சொல்லக்கூடாது; அந்த ஊரில் அந்தச் சிகிச்சைக்கு எத்தனை பேர் எத்தனை மாதமாகக் காத்திருக்கிறார்கள், ஏன், எப்போது குறையும் என்று அவையில் அவர் சொல்லியே ஆக வேண்டும். ஓட்டுநர் தேர்வில் இது நடந்தது. தேர்வு நடத்துவது சாலைப் பாதுகாப்பு ஆணையம் என்ற தனி அமைப்பு. காத்திருப்புக் காலம் பத்து வாரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இலக்கு. 2025 தொடக்கத்தில் அது சராசரியாக இருபது வாரத்தைத் தாண்டிவிட்டது. பேருந்து வசதி இல்லாத கிராமத்து இளைஞருக்கு உரிமம் என்பது வேலைக்குப் போகும் வழி என்பதால் அவையில் கேள்விகள் ஓயவில்லை. கெடு வைத்து ஒரு திட்டத்தை அமைச்சர் அறிவிக்க வேண்டி வந்தது. எந்தத் தேர்வாளரின் முடிவிலும் அவர் கை வைக்கவில்லை.

இத்தனை கேள்விகளுக்குப் பதில் தயாரிக்க அரசு ஊழியர்களின் நேரம் எவ்வளவு வீணாகிறது என்பது மற்றொரு மறுப்பு. செலவு உண்மைதான். அதைக் குறைக்கும் வழி, கேட்கும் முன்பே சொல்லிவிடுவது. மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியல்கள் மாதந்தோறும் வெளியாகின்றன. அதே ஒழுங்கில் பேச்சுப் பயிற்சி, உளவியல் உதவி முதலிய சமூக மருத்துவப் பணிகளின் எண்களையும் பகுதிவாரியாக வெளியிட்டால் எத்தனையோ கேள்விகளுக்குத் தேவையே இராது.

பதில் சொல்லாமல் விட்டதற்கும் ஒரு செலவு உண்டு. அயர்லாந்து அதைக் கட்டியிருக்கிறது. மாட்டிறைச்சித் தொழிலுக்கு அரசு அளித்த ஏற்றுமதிக் காப்பீட்டைப் பற்றி 1980-களின் இறுதியில் எதிர்க்கட்சியினர் டோலில் கேட்ட கேள்விகள் மழுப்பலான பதில்களில் கரைந்துபோயின. 1991-இல் நீதிபதி லியம் ஹாமில்டன் தலைமையில் விசாரணை மன்றம் அமைக்க நேர்ந்தது. அறிக்கை வர 1994 ஆயிற்று. செலவு மிகப் பெரிது. இங்கே பதில் சொல்வதுபோல டோலில் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருந்தால் இந்த விசாரணைக்கே அவசியம் இருந்திருக்காது, பணமும் காலமும் மிஞ்சியிருக்கும் என்ற கருத்தை விசாரணையின்போது அந்த நீதிபதியே வெளியிட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்ட அந்தச் சொல்லை அயர்லாந்து அமைச்சர்கள் இன்றாவது செயலாக்க வேண்டும். பொதுப் பணத்தில் நடக்கும் எந்தப் பணியைப் பற்றிய கேள்விக்கும், அதை எந்த அமைப்பு நடத்தினாலும், பதில் அமைச்சரின் பெயரிலேயே, உரிய எண்களோடு, குறித்த நாளுக்குள் டோலின் முன் வைக்கப்பட வேண்டும்.